பின் இருக்கையில் ரோலான் பார்த்

ரோலான் பார்த்தின் 'குறிகளின் பேரரசு' 1970இல் பிரெஞ்சில் வெளிவந்தது. அறுபதுகளில் அவர் ஜப்பானுக்குப் போய்வந்த அனுபவங்களிலிருந்து எழுதிய நூல். நம்மில் பலருக்கு பார்த் என்றாலே 'ஆசிரியரின் மரணம்'தான். இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயர் அடிபடுகிற அளவுக்கு அவருடைய நூல்களை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. இந்த நூல் மிரட்டாது. சாப்பாட்டுக் குச்சி, பச்சின்கோ, பொட்டலம் கட்டும் முறை, ஹைக்கூ என்று சின்னச் சின்ன அத்தியாயங்கள். அவற்றில் ஒன்று முகவரிகளைப் பற்றியது. வெளிநாட்டில் வழி கண்டுபிடிப்பதைப் பற்றி நான் வாசித்தவற்றில் அதுதான் ஆக அழகானது. அதனாலேயே அதோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

தோக்கியோவின் தெருக்களுக்குப் பெயர் இல்லை என்று பார்த் தொடங்குகிறார். எழுதப்பட்ட முகவரி உண்டு. ஆனால் அது தபால்காரருக்கு உதவுமே தவிர, புதிதாக வருகிறவருக்கு உதவாது. அதனால் அங்குள்ளவர்கள் கையில் கிடைத்த தாளில் வழியை வரைந்து கொடுக்கிறார்கள்: ஒரு ரயில் நிலையம், அங்கிருந்து ஒரு தெரு, ஒரு கால்வாய், ஒரு கடைப் பலகை. வரைகிறவர் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அதிகமாக வளைந்துவிட்ட கோட்டை அழிக்கிற காட்சி பார்த்தின் மனதில் தங்கிவிடுகிறது. இந்த நகரத்தைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அறிய முடியாது, நடந்தும் பார்த்தும் பழகியும்தான் அறியலாம் என்கிறார். முதன்முறை ஓர் இடத்துக்குப் போகிறவர் அவருக்கு வாசகரல்லர், எழுதத் தொடங்குகிறவர்.

ஜப்பானிய முகவரி உண்மையில் எப்படி வேலை செய்கிறது? அது தெருவை விட்டுவிட்டு நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. நகரம், வட்டாரம், 'ச்சோமே' என்ற பகுதி, அதற்குள் ஒரு கட்டம், கட்டத்துக்குள் கட்டட எண் என்று பெரியதிலிருந்து சிறியதுக்குப் போகும். 1962இல் வந்த ஒரு சட்டம் இதை ஒழுங்குபடுத்தியது. அதற்கு முன்பு நில எண்களே முகவரியாக இருந்தன. நிலம் துண்டாகத் துண்டாக அந்த எண்களும் தாறுமாறாயின. இந்த முறையில் தெரு என்பது இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள காலியிடம். ஆனால் சமிக்ஞை விளக்குள்ள சந்திப்புகள் பலவற்றில் பெயர்ப்பலகை தொங்கும். கார் ஓட்டுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

இதுவும் ஓர் ஒழுங்குதான் என்பதை பார்த் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அவருக்கு அது ஓர் அதிசயம். என் முதல் சிக்கல் இங்கே வருகிறது. பெட்டாலிங் ஜெயாவில் ஜாலான் எஸ்எஸ் 2/24 என்று ஒரு முகவரி. அதில் யார் பெயரும் இல்லை. முதலில் வட்டாரம், பிறகு அதற்குள் ஒரு தெருவின் எண். சிங்கப்பூரில் 1995 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருக்கிறது. தெருப் பெயரே தெரியாமல் ஆறு எண்ணைத் தட்டிவிட்டு வீவக புளோக்கின் அடியில் போய் நிற்கிறோம். இப்படி வளர்ந்த வாசகருக்குத் தோக்கியோ ஏன் அதிசயமாக இருக்க வேண்டும்? வீதிக்கு வீதி பெயர்ப்பலகையும், ஒருபக்கம் ஒற்றைப்படை மறுபக்கம் இரட்டைப்படை எண்களுமாகப் பாரிஸில் பழகியவரின் வியப்பு அது. அவருக்கு அது உண்மையானது. நாம் கோட்பாட்டை இறக்குமதி செய்யும்போது வியப்பையும் அதே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறோம்.

கியோத்தோ விஷயம் இன்னும் சுவாரசியம். அங்கே மையப்பகுதியில் தெருப்பெயர்களை வைத்துத்தான் முகவரி சொல்கிறார்கள். இன்ன சந்திப்பிலிருந்து 'மேலே' என்றால் வடக்கு, 'கீழே' என்றால் தெற்கு. பார்த் அந்த நகரத்தைச் சீன நகரம் என்று அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தன் ஜப்பானுக்கு ஒத்துவராத ஜப்பானுக்கு அவர் கொடுக்கும் இடம் அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. இந்த அத்தியாயத்தில் பார்த் கார் ஓட்டுவதில்லை. ஒரு டாக்சி ஓட்டுநர் வருகிறார். அவருக்கே வழி தெரியாது. கடையோரத்தில் இருக்கும் பெரிய சிவப்புத் தொலைபேசியிலிருந்து வழி கேட்டுப் போகவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான், ஓட்டுநர் மறைந்துவிடுகிறார். அவர் வண்டியை எங்கே நிறுத்தினார்? மறுமுனையில் இருந்தவர் எத்தனை தடவை திரும்பத் திரும்பச் சொன்னார்? வழி தெரியாமல் சுற்றுவது பின் இருக்கையில் இருப்பவருக்கு அனுபவம், முன் இருக்கையில் இருப்பவருக்குப் பிழைப்பு. தான் எழுதுவது உண்மையான ஜப்பான் அல்ல, தானே கட்டிக்கொண்ட ஒரு கற்பனை அமைப்பு என்று பார்த் நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார் என்பார்கள். சரி. ஆனால் அந்தக் கற்பனைக்குள் அவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டவர் கற்பனை இல்லையே.

ஹொக்கைடோவில் நான் வாடகைக் கார் ஓட்டியிருக்கிறேன். நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான், அனைத்துலக ஓட்டுநர் அனுமதி இருந்தால் போதும். காரின் திரையில் முகவரியைத் தட்டவே தேவையில்லை. போகிற இடத்தின் தொலைபேசி எண்ணைத் தட்டினால் வழி வந்துவிடும். நீர்வீழ்ச்சிக்கும் மலைமுனைக்கும் ஏது தொலைபேசி? அதற்கு 'மேப்கோட்' இருக்கிறது. நாடு முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். டென்சோ நிறுவனம் 1997இல் உருவாக்கிய முறை. பத்து இலக்கங்களுக்குள் சுமார் 30 மீட்டர் சதுரத்தைக் காட்டிவிடும். வாடகைக் கடையில் அந்த எண்களின் பட்டியலையே கையில் கொடுத்தார்கள். எனக்கு அந்தச் சிவப்புத் தொலைபேசிதான் ஞாபகம் வந்தது. அன்று தொலைபேசியில் ஒரு குரல் வழி சொன்னது. இன்று மறுமுனையில் யாரும் எடுக்காமலேயே எண் வழி சொல்கிறது.

ஐந்து நாளில் ஒருமுறைகூட வழி தவறவில்லை. ஆனால் எந்த ஊர் எந்த ஊருக்கு வடக்கே என்று கேட்டால், ஜன்னலைப் பார்த்தபடி வந்த அக்காதான் பதில் சொன்னார். நான் எண்களுக்குக் கீழ்ப்படிந்து ஓட்டியிருந்தேன். பார்த் சொன்னதில் பாதி இங்கே நிரூபணமாகிறது. எல்லாம் எழுதப்பட்டுவிட்ட இடத்தில் வந்து சேரலாம், எழுத ஒன்றும் மிஞ்சாது.

மற்றப் பாதி அந்தப் பென்சிலில் இருக்கிறது. வளைவை அழிக்கும் கையில் பார்த் ஓர் அழகைக் காண்கிறார். எனக்கு அதில் தெரிவது கவலை. கோடு தப்பாக இருந்தால் வருகிற விருந்தாளி வேறெங்கோ போய் நிற்பார். நம் ஊர் அங்கிள்கள் வழி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: "கோயில தாண்டி ரைட்ல போங்க. பாலம் வந்துட்டா, தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், திரும்பி வாங்க." நீங்கள் எங்கே தவறுவீர்கள் என்பதையும் யோசித்துச் சொல்லப்படுகிற வழி அது. நான் தட்டிய எந்த எண்ணும் என்னைப் பற்றி அப்படிக் கவலைப்படவில்லை. பார்த்தும் அந்தக் கவலையைப் பார்க்கவில்லை. அவருக்கு வரைந்து கொடுத்தவர்களில் ஒருவருக்கும் அந்த அத்தியாயத்தில் பெயர் இல்லை, ஒரு சொல் பேச்சும் இல்லை. தெருக்களுக்குப் பெயர் இல்லாததை அவ்வளவு நேரம் யோசித்தவருக்கு இது தோன்றவில்லை.

இந்த நூலைக் கட்டாயம் வாசியுங்கள். ஆனால் நீங்கள் ஒரு பயணக் கட்டுரை எழுத உட்காரும்போது, உங்களுக்கு வழி சொன்னவரையும் வண்டி ஓட்டியவரையும் ஒரு பத்தியாவது பேச விடுங்கள்.