எல்லாரையும் ஏற்கும் இடம்

விருந்தோம்பலைப் போற்றாத தமிழ் நூல் அரிது. ஆயினும் அதனை வீட்டின் அறமாகவே பேசிப் பழகிவிட்டோம். இல்லறத்தானின் கடமை, இல்லாளின் முகமலர்ச்சி, வாயிலில் வந்து நிற்கும் விருந்தினர் என்று நம் திறனாய்வும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. ஊருக்கும் ஊருக்கும் இடையில், பொழுது சாய்ந்த நேரத்தில், அறிந்தவர் எவரும் இல்லாத வழிப்போக்கனுக்குக் கதவு திறப்பவர் யார்? காசு வாங்கிக்கொண்டு சோறும் பாயும் கொடுக்கும் விடுதிக்காரருக்கு நம் அறத்தில் இடம் உண்டா? வாலாஜாபேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் பெருஞ்சாலையின் ஓரத்தில் வாழும் நாம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது.

பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிர்வரும் கலைஞனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. அவற்றுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை நம் தொண்டை நாட்டுக்கு உரியது. காஞ்சியில் வீற்றிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு, இன்ன இடத்தில் இன்ன உணவு கிடைக்கும் என்று வழிநெடுகச் சொல்லிச் செல்கிறது. ஆயர் குடியில் பாலோடு தினைச்சோறு. உழவர் மனையில் வெண்ணெல் சோறும் கோழி வறுவலும். வலைஞர் குடியிருப்பில் கிடைப்பது அவர்கள் வீட்டிலேயே வடித்த மது. அதன் பக்குவத்தையும் புலவர் விடாமல் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, நெல்முளையை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, பின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்களாம். முளைவிட்ட தானியத்தைக் கொண்டு மது வடிப்பது மேலைநாட்டார்க்கே உரிய கலை என்று எண்ணுவோர்க்கு இப்பகுதி வியப்பளிக்கும்.

இந்நூலை நாம் பெரும்பாலும் இளந்திரையனின் கொடையைப் பாடும் நூலாகவே வாசித்து வந்திருக்கிறோம். கொடையின் உச்சி காஞ்சியில் இருக்கலாம். அதன் நீளம் வழியில் இருக்கிறது. எயினரும் ஆயரும் உழவரும் வலைஞரும் தத்தம் நிலத்தில் விளைந்ததைக் கொடுக்கிறார்கள்; விலை கேட்பதில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே விருந்தினன் யாழ் ஏந்திய பாணன். அவனை நாடு அறியும். அவன் பாட்டை ஊர் விரும்பும். யாழும் இல்லாமல் பேரும் இல்லாமல் வருகிறவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? அதற்கு விடை தேட நூலில் இடமில்லை.

அந்த விடையை ஆங்கில இலக்கியத்தின் தொடக்கத்திலேயே நிற்கும் ஒரு விடுதியில் தேடலாம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரிக் கதைகள், இலண்டன் நகருக்கு வெளியே, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், சதர்க் பகுதியில் இருந்த ‘டேபர்டு’ விடுதியில் தொடங்குகின்றன. புனித தாமஸ் பெக்கட்டின் கல்லறைக்குத் திருப்பயணம் புறப்பட்ட வீரர், மடத்துத் தலைவி, ஆலைக்காரர், சமையற்காரர், ஏழைப் பங்குத்தந்தை ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இரவு தங்குகிறார்கள். அவர்களைக் குழுவாக்குகிறவர் குருவானவரும் அல்லர், வீரரும் அல்லர். விடுதிக்காரர் ஹாரி பெய்லி. வழியில் ஆளுக்கு ஆள் கதை சொல்லுங்கள், சிறந்த கதைக்குத் திரும்பி வந்ததும் எல்லார் செலவிலும் ஓர் இரவுவிருந்து என்று அவர் வைத்த போட்டியில்தான் அந்தப் பெருநூலே பிறக்கிறது. அவர் வணிகர்; அந்த விருந்தும் அவர் விடுதியில்தான் நடக்கும். ஆயினும் முன்பின் அறியாதவர்களைத் தோழர்களாக்கும் வித்தை அவர் கையில் இருந்தது.

அந்த டேபர்டு இன்று இல்லை, 1873-ல் இடித்துவிட்டார்கள். அதன் பக்கத்து முற்றத்தில் இருந்த ‘ஜார்ஜ்’ விடுதி மட்டும் எஞ்சியிருக்கிறது. 1676-ல் சதர்க்கை எரித்த பெருந்தீக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் அது. அதன் கல்பாவிய முற்றத்தில் நாம் நின்றபோது, வெள்ளைக் கைப்பிடிச் சுவர்கள் கொண்ட இரண்டு அடுக்குத் தாழ்வாரமும், தலை இடிக்கும் தாழ்ந்த உத்தரங்களும், காலம் வளைத்த பலகைத் தளமும் நம் பக்கத்துப் பழைய சத்திரங்களையே நினைவூட்டின. குதிரைக் கோச்சுகள் நின்று குதிரை மாற்றிச் சென்ற இடம். இரயில் வந்தபின் கோச்சு நின்றது. முற்றத்தின் மூன்று பக்கமும் சூழ்ந்திருந்த கட்டடத்தில் பெரும்பகுதியை இரயில்வேக் கம்பெனியே கிடங்குகளுக்காக இடித்தது. தென்பக்கம் மட்டும் தப்பியது. தாழ்வாரத்தோடு கூடிய பழங்கோச்சு விடுதிகளுள் இலண்டனில் எஞ்சியது இது ஒன்றே.

இரயில் செய்த இந்த மாற்றத்தை நம் பகுதி மற்றெந்தத் தென்னாட்டுப் பகுதிக்கும் முன்பே கண்டது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில்தான். அதுவரை மாட்டுவண்டியில் நாள்கணக்கில் கடந்த வழியைச் சில மணி நேரத்தில் கடக்கலாம் என்றானபின் இடைவழிச் சத்திரத்துக்கு என்ன வேலை? வழிப்போக்கன் பயணியானான், சத்திரங்கள் பல திருமண மண்டபங்களாகவும் பண்டகசாலைகளாகவும் மாறின, அல்லது பாழடைந்தன.

சத்திரத்தின் பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய மடலில், தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களில் எல்லாச் சமயத்தாரும் உணவு பெறுவதையும், நோயாளிகள் பேணப்படுவதையும் எடுத்துரைத்து, அவற்றைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு வேண்டினார். அறக்கட்டளை என்னும் சொல்லுக்கு அதைவிடச் சிறந்த விளக்கம் கிடைப்பது கடினம். ஆயினும் நாட்டில் பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி, சாதிக்கொரு தாழ்வாரம் என்று இருந்ததையும், சிலருக்கு வாசற்படியே எல்லையாக இருந்ததையும் மறைக்க இயலாது. இலவசமாகக் கொடுத்த இடம் எல்லாருக்கும் திறந்த இடமாக இருக்கவில்லை.

இங்கே லூக்கா நற்செய்தியாளரின் சொல்லாட்சி நமக்கு வெளிச்சம் தருகிறது. நம் மொழிபெயர்ப்புகள் சத்திரம், சாவடி, விடுதி என்று மாறி மாறி வழங்கினாலும், கிரேக்க மூலத்தில் அவர் இரண்டு தனித்தனிச் சொற்களைக் கையாளுகிறார். பெத்லகேமில் இடம் கிடைக்காத இடத்தை அவர் ‘கத்தாலூமா’ என்கிறார். இறுதி இராவுணவு நடந்த விருந்தினர் அறைக்கும் அதே சொல்தான். நல்ல சமாரியர் குற்றுயிராய்க் கிடந்தவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமோ ‘பண்டோக்கெயோன்’. ‘எல்லாரையும் ஏற்கும் இடம்’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். உறவும் அறிமுகமும் உள்ளவர்க்கான அறையில் இடமில்லாமற் போகிறது. காசு வாங்கும் விடுதி காயம்பட்ட அந்நியரை ஏற்றுக்கொள்கிறது. சமாரியரைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். இரண்டு தெனாரியத்தை வாங்கிக்கொண்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற அந்நியரின் வாக்கை நம்பி, முகம் தெரியாத நோயாளியைப் பார்த்துக்கொண்ட விடுதிக்காரரைப் பற்றி எத்தனை கேட்டிருக்கிறோம்? அன்பு ஒரு நாள் நிகழ்ச்சியாக முடியாமல் மறுநாளும் தொடர, கதவும் கட்டிலும் கணக்கும் உள்ள ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

இனி, விடுதியைப் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத பொருளுக்கு வருவோம்: மது. ஜார்ஜ் போன்ற விடுதிகளில் வழங்கும் பழைய முறை ஏல் பீப்பாயிலேயே உயிரோடிருக்கும் பானம். ஈஸ்ட் உள்ளேயே இருந்து இரண்டாம் முறை புளிக்கவைக்கும். நிலவறையில் வைத்துக் கைப்பம்பினால் இறைத்துத் தருவார்கள். வெளியிலிருந்து வாயுவை ஏற்றுவதில்லை. ஆலைகளில் வடிகட்டி, ஈஸ்டைச் செயலிழக்கச் செய்து, வாயு ஏற்றிய பியர் இதனை ஒழித்துவிடும் நிலை வந்தபோது, 1971-ல் அங்கே ஓர் இயக்கமே தோன்றி இதனைக் காத்தது. உயிருள்ள பானத்திற்கு ஒரு குணம் உண்டு. பீப்பாயைத் திறந்தால் சில நாள்களுக்குள் தீர்த்தாக வேண்டும், பதுக்க இயலாது, அதைப் பேணத் தெரிந்த ஆள் வேண்டும், கூடிக் குடிக்கக் கூட்டம் வேண்டும். விடியலில் இனித்து மாலைக்குள் புளித்துவிடும் நம் பனங்கள்ளும், வலைஞரின் இரண்டு நாள் சாடியும் இதே இனம்தான். அடைத்த புட்டிக்கு இந்தத் தேவைகள் இல்லை. எத்தனை மாதமும் காத்திருக்கும்; எவரும் இல்லாத இடத்திலும் குடிக்கலாம்.

இதைச் சொல்வதால் மதுவுக்கு வாதாடுகிறோம் என்று எண்ணவேண்டாம். ஜார்ஜ் விடுதி நேஷனல் டிரஸ்ட் என்னும் மரபுக்காப்பு நிறுவனத்தின் கைக்கு வந்தது 1937-ல். அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் அது நம் வட ஆற்காட்டுக்கும் வந்தது. ஒரு நாடு மதுவிடுதியைப் பாதுகாத்த ஆண்டில் இன்னொரு நாடு மதுக்கடையை மூடியது. இரண்டுக்கும் நியாயம் இருந்தது. கூலி கைக்கு வந்த மாலையே அது கரைந்துபோவதைக் கண்ட நம் தாய்மாரிடம் ஆங்கில விடுதியின் அழகைப் பேசுவது கொடுமையாகும். ஆனால் பின்னர் நடந்ததென்ன? மதுவிலக்கு போயிற்று, வந்தது, மீண்டும் போயிற்று. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் புட்டி விற்பனை முழுவதும் அரசு வாணிபக் கழகத்தின் கையில். குடி குறைந்ததென்று சொல்வாரில்லை. கூடி உட்காரும் திண்ணை மட்டும் குறைந்துவிட்டது. நமக்குக் கடை இருக்கிறது, விடுதி இல்லை. விற்பவர் இருக்கிறார், ‘போதும், வீட்டுக்குப் போ’ என்று சொல்ல ஹாரி பெய்லி இல்லை.

அப்படியானால் நம் பகுதியின் உண்மையான வழிவிடுதி எது? ஆம்பூரில் சீரகச்சம்பாப் பிரியாணியைக் கத்தரிக்காய்ப் பச்சடியோடு இலையில் வைக்கும் கடைகளும், முறைநேரம் மாறும்போது தொழிற்சாலை வாசல்களில் கூட்டம் சேரும் தேநீர்க் கடைகளும்தான் என்போம். ஒரு துளி மதுவின்றி, லாரி ஓட்டுநரும் செருப்புத் தொழிற்சாலைப் பணியாளரும் தோல் வணிகரும் ஒரே மேசையில் உட்காரும் இடங்கள் அவை. தோல் பதனிடும் தொழிலாளியின் கையில் ஒட்டிய வாடையைச் சொல்லி அவரைத் தள்ளி உட்காரவைத்த காலத்தை நினைத்தால், அந்த மேசையின் பெருமை விளங்கும். எனினும் இம்மேசையை ஆற்றுப்படையாகவோ கதையாகவோ எழுதியவர் நம்மிடையே எத்தனை பேர்?

அத்தகைய எழுத்துக்கு முன்மாதிரி திருத்தூதர் பணிகள் நூலில் இருக்கிறது. யோப்பா நகரில் பேதுரு பல நாள் தங்கிய இடம், கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீடு. தோல் பதனிடும் இடம் நகருக்கு ஐம்பது முழம் தள்ளியே இருக்கவேண்டும் என்பது மிஷ்னாவின் விதி. அப்படித் தள்ளிவைக்கப்பட்ட தொழில் நடந்த வீட்டு மாடியில்தான், தீட்டு என்று எதையும் சொல்லாதே என்ற குரலைப் பேதுரு கேட்கிறார். அதே வீட்டு வாசலில்தான் கொர்னேலியு அனுப்பிய பிற இனத்தார் வந்து நிற்கிறார்கள். அவர்களை உள்ளே அழைத்து அங்கேயே தங்கவைக்கிறார். சீமோன் நூலில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆனால் திருச்சபை எல்லாருக்கும் கதவைத் திறந்த இரவில், அந்தக் கதவு அவருடையது.

தோல் தொழிலாளியை இரக்கத்துக்கு உரியவராகவே நம் மறையுரையும் நம் கதைகளும் காட்டி வந்துள்ளன. அவரை விருந்தளிப்பவராகக் காட்டும் எழுத்து இன்னும் வரவில்லை. அது வரவேண்டும். குடியை எதிர்த்து முழங்கும் நம் பங்குகள், மாலை நேரத்தில் தம் சமூகக்கூடங்களின் கதவைத் திறந்து, இரண்டு விசிப்பலகையும் ஒரு தேநீர் அடுப்பும் போட்டுவைப்பதும் அவ்வெழுத்தின் ஒரு பகுதியே. அந்தப் பலகையில் யார் உட்காரலாம் என்று எவரும் கேட்காத நாளில், லூக்காவின் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நம் ஊரில் சரியான மொழிபெயர்ப்பு கிடைத்துவிடும்.