எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

சிறை இலக்கியம் என்றதும் எமது சஞ்சிகைகள் கைதி எழுதியதை மட்டுமே எடுத்துப் பேசுகின்றன. வ.உ.சி. செய்யுளில் எழுதிய சுயசரிதை, ராஜாஜியின் வேலூர்ச் சிறை நாட்குறிப்பு, இந்நாட்டுத் தடுப்புக் காவலிலிருந்து வெளிவந்த கவிதைகள் என்று அந்த வரிசை நீளும். அதே மதிலுக்குள் எழுதப்படும் இன்னொரு உரைநடையும் உண்டு. கைதி காயப்பட்டால், இறந்தால், தப்பினால், கலகம் மூண்டால் கடமையிலிருந்த உத்தியோகத்தர் எழுதி ஜெயிலருக்கும் அத்தியட்சகருக்கும் சமர்ப்பிக்கும் சம்பவ அறிக்கை அது. அதை ஒரு பிரதியாக எவரும் வாசிப்பதில்லை. ஆனால் ஒரு மரணத்தைப் பற்றி வெளியுலகம் முதலில் கேள்விப்படும் கதை அங்கேதான் பிறக்கிறது. விமர்சகனுக்கு அதில் வேலை இருக்கிறது என்பது என் எண்ணம்.

தமிழ் படிப்பிக்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது இலக்கணம். ‘கைதி விழுந்து காயமடைந்தார்’, ‘குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது’, ‘நிலைமை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது’. இவற்றை நான் எந்தக் கோவையிலிருந்தும் எடுக்கவில்லை. இவ்வகை எழுத்தின் வாய்பாடுகள் என்று கொள்க. முதலாவதில் விழுந்தவரும் கைதி, காயப்பட்டவரும் கைதி. அந்த அறையில் இன்னொருவர் நின்றிருக்கலாம் என்பதற்கு வாக்கியத்தில் இடமே இல்லை. மற்ற இரண்டும் செயப்பாட்டு வினை. யாரால் என்பது விடுபட்டிருக்கிறது. தரம் ஆறில் படிக்கும் பிள்ளை வினைமாற்றப் பயிற்சியில் ‘ஆல்’ உருபை விட்டுவிட்டால் நாம் அரைப்புள்ளி குறைக்கிறோம். இங்கே யார் குறைப்பது?

1983 ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 35 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு நாள் விட்டு, 27ஆம் திகதி, மேலும் 18 பேர். காந்தியம் அமைப்பின் டாக்டர் ராஜசுந்தரம் இரண்டாம் முறை கொல்லப்பட்டவர்களில் ஒருவர். பூட்டும் சாவியும் அரசின் கையில் இருந்த இடத்தில் 53 மரணங்கள். நீதவானின் மரண விசாரணை நடந்தது. மனிதக் கொலை என்ற முடிவும் வந்தது. எவர் மீதும் வழக்கு வரவில்லை. கலகம், கும்பல் என்ற சொற்கள் எழுவாயின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. கும்பலுக்குப் பெயருமில்லை, கைதி இலக்கமுமில்லை, கூண்டில் ஏற்றவும் முடியாது. நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இடையிலிருந்த அந்த 26ஆம் திகதியைப் பற்றி. எந்த வாசல் எத்தனை மணிக்குத் திறந்தது, சாவி யார் இடுப்பில் இருந்தது, யார் யார் உள்ளே வந்தார்கள் என்று பெயர் சொல்லி அன்று ஒரு தாள் எழுதப்பட்டு, அதை ஒருவர் ஒழுங்காக வாசித்தும் இருந்தால், 27ஆம் திகதி அப்படி விடிந்திருக்குமா? சம்பவ அறிக்கை நடந்து முடிந்ததைப் பற்றியது என்று நினைக்கிறோம். அதன் அவசரமெல்லாம் அடுத்த நாளைப் பற்றியது.

அதே வெலிக்கடையில் 2012 நவம்பர் 9ஆம் திகதி விசேட அதிரடிப்படையினர் தேடுதலுக்குச் சென்றதை அடுத்து 27 கைதிகள் இறந்தார்கள். ஆயுதம் எடுத்த கைதிகளுடன் நடந்த மோதல் என்றே அப்போது சொல்லப்பட்டது. அவர்களில் 8 பேரின் கொலைக்காக முன்னாள் சிறைச்சாலைகள் ஆணையாளர் எமில் ரஞ்சன் லமாஹேவாவுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது 2022 ஜனவரியில். ஒரு வாக்கியத்துக்கு எழுவாய் கிடைக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கிறது. 2020 நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறையில் 11 பேர் இறந்தபோதும், கைதிகள் மாத்திரை விழுங்கிவிட்டுத் தமக்குள் அடித்துக்கொண்டார்கள் என்ற கதைதான் முந்திக்கொண்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டைக் காட்டியது.

இந்த உரைநடை சிறை மதிலோடு நிற்பதில்லை என்பதை எமது மாவட்டத்தார் அறிவார்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலையருகே, ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தது என்பது படைத்தரப்பின் முதற் கூற்று. துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பது வைத்தியரின் எழுத்து. உடல்களைப் படம் எடுத்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகநபர்களான அதிரடிப்படையினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சட்ட வைத்திய அதிகாரிகளின் நடை வறண்டது. உவமை கிடையாது, அனுதாபமும் கிடையாது. காயம் எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கமாக என்று மட்டும் போகும். எம்மில் பலருடைய சிறுகதைகளைவிட அந்த நடையை நான் மேலாக மதிக்கிறேன் என்றால் நண்பர்கள் கோபிக்கக் கூடாது.

அறிக்கையே பிறக்காத சிறையும் எமது துறைமுகத்துக்குள்தான் இருந்தது. 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் அயலிலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் ‘கன்சைட்’ என்ற பெயர் வெளிவந்தது. பலவந்தமாகக் காணாமலாக்கப்படுதல் தொடர்பான ஐ.நா. செயற்குழுவினர் 2015 நவம்பரில் அத்தளத்துக்குள் சென்று, அங்கே இரகசியத் தடுப்பறைகள் இருந்ததைப் பகிரங்கமாகச் சொன்னார்கள். பொய்யான அறிக்கை என்றால் அதில் ஒரு திகதி இருக்கும், ஒரு கையொப்பம் இருக்கும், பிடித்துக்கொண்டு வாதாடலாம். வெற்றுத் தாளோடு ஒரு தாய் எப்படி வாதாடுவாள்?

எழுத்தாளர்களாகிய எமக்கு இது எட்டத்துச் சங்கதியும் அல்ல. ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதி அவருக்கு எதிரான சான்றாயிற்று. 2021 டிசம்பரில் பிணை; 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருடைய கவிதையைச் சம்பவ அறிக்கை போல வாசித்தார்கள். அவர்களுடைய அறிக்கையை நாம் கவிதையளவு கவனத்தோடு ஒருநாளும் வாசித்ததில்லை.

எழுதுகிறவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரவுக் கடமையிலிருக்கும் இளம் சிறைக்காவலர் தம் மேலதிகாரியைப் பற்றி அதே மேலதிகாரிக்கு எழுத வேண்டியிருக்கிறது. கண்டது ஒன்று, எழுதும்படி சொல்லப்படுவது இன்னொன்று என்றால் அவர் செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்துகொள்வது விளங்காத விடயமல்ல. கைதிக்கு மொழியும் தடை. தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் கையொப்பமிட்ட தமிழ் பேசுவோரின் கதைகளை நாடறியும். இதனால்தான் 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 71ஆவது விதி, காவலில் நேரும் மரணம், காணாமற்போதல், பாரதூரமான காயம் ஆகியவற்றைச் சிறை நிருவாகத்துக்கு வெளியேயுள்ள சுயாதீன அதிகாரிக்குத் தாமதமின்றி அறிவிக்கக் கோருகிறது. ‘வெளியே’ என்பதுதான் அதில் உயிரான சொல்.

ஹதீஸ் கலையோடு பரிச்சயமுள்ளவர்களுக்கு இந்த வாசிப்பு புதிதாகாது. வாசகத்தின் அழகைப் பார்க்குமுன் அறிவித்தவர் யார், அவர் அவ்விடத்தில் இருந்தாரா, யாரிடம் கேட்டார் என்று துருவிய மரபு எம்முடையது. அந்தத் துருவலைச் சிறையறிக்கைமீதும் செலுத்தலாம். எழுதியவர் கண்டாரா, கேட்டாரா? சம்பவம் எத்தனை மணிக்கு, எழுதியது எத்தனை மணிக்கு? பள்ளிக்கூடத்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில்கூட, பிள்ளை மாமரத்தால் விழுந்த செய்திக்குக் கீழே அன்று கடமையிலிருந்த ஆசிரியரின் பெயரைப் போடுகிறோம்.

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. மரண விசாரணைக் கோவைகளும் நீதிமன்றங்களில் இருக்கின்றன. இச்சஞ்சிகை சிறுகதைக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒருமுறை அப்படியொரு கோவையைப் பெற்று, அறிக்கையை ஒரு பக்கத்திலும் வைத்தியரின் எழுத்தை எதிர்ப்பக்கத்திலும் அச்சிடட்டும். வினைமாற்றப் பயிற்சியை நான் செய்து தருகிறேன்.