பள்ளுநூலும் வெண்மணி நாவல்களும்

உழவுத்தொழிலாளரைப் பாடுபொருளாகக் கொண்ட பழைய நூல்வகை பள்ளு. முக்கூடற்பள்ளில் விதையும் மாடும் குறித்துப் பள்ளனிடம் கணக்குக் கேட்பவன் பண்ணைக்காரன்; தவறிய பள்ளனைத் தொழுமரத்திற் பூட்டுபவனும் அவனே. பண்ணைக்காரனிடம் பள்ளன் கூலிக்கணக்குக் கேட்பது அந்நூலின் கதைக்குப் புறம்பானது.

காவிரிப் படுகையில் இந்நிலை மாறிய வரலாறு அண்மையது. பி. சீனிவாசராவ் முதலியோர் வளர்த்த விவசாயிகள் சங்கத்தின் போராட்டத்தால் 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டலும் நீங்க வழி பிறந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்குக் கேட்கும் உரிமையை உழைப்போரும் இவ்வாறு பெறலாயினர். அதனைப் பொறாத நிலவுடைமையின் சினமே 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்களை ஒரு குடிசையுள் எரித்தது. பெண்டிரும் குழந்தைகளுமே அவருட் பெரும்பாலர். தொழிலாளர் கேட்டது அரைப்படி நெல் கூடுதற் கூலி. மறுத்தது, தம் சங்கக் கொடியை இறக்க. இந்நிகழ்ச்சி நாவலாகுங்கால் அவ்வரைப்படி நெல்லுக்கு எவ்விடம் கிடைக்கின்றது என்பதே ஈண்டு யாம் ஆராய்வது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வெளிவந்தது. 1977ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசினைப் பெற்றது. கண்ணையா நாயுடு என்னும் நிலக்கிழாரின் ஆண்மைக் குறையையும், அதனை மறைக்க எழும் வெறியையும் கொடுமையின் வேராகக் காட்டுகின்றார் ஆசிரியர். உளவியல் நோக்கில் அப்பாத்திரம் திறம்பட அமைந்துள்ளது. ஆயின் விளைவு யாது? அவர் குறையற்றவராயிருப்பின் குடிசை எரிந்திராது எனக் கற்போர் கருத இடமுண்டாகின்றது. வெண்மணியில் எதிர்நின்றவர் ஒருவர் அல்லர். நெல் உற்பத்தியாளர் சங்கமாக நிலவுடைமையாளர் திரண்டிருந்தனர். ஓர் அமைப்பின் நலம் தனியாளின் நோயாகச் சுருங்குமிடத்து, அரைப்படி நெல் கதைக்குக் காரணமாகாது பின்னணியாய் விடுகின்றது.

புனைகதை வரலாறன்று என்பார் உளர். அவர்க்கு எமிலி சோலாவின் ‘செர்மினால்’ (1885) விடையாகும். பிரெஞ்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் அந்நாவலின் பொருள். சுரங்கத்துள் மரமுட்டுக் கொடுக்கும் வேலைக்குத் தனிக்கூலி தருவதாகக் கூறி, கரிவண்டிக்குரிய கூலியைக் குறைக்கின்றது நிறுவனம். இச்சிறு கணக்கே வேலைநிறுத்தத்தை மூட்டுகின்றது; காமமும் பொறாமையும் ஊடே வரினும் அதன் இடத்தைக் கவர்வதில்லை. வெளியூரினின்று வரும் எத்தியேன் என்பானும் சுரங்கத்துள் இறங்கி உழைக்கின்றான். குருதிப்புனலில் தில்லியினின்று வரும் கோபாலும் சிவாவும் வயலில் இறங்கி உழைப்பவர் அல்லர்.

சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ (1999) கீழத்தஞ்சைப் பேச்சுவழக்கைக் கையாள்கின்றது. உழைப்போர் வாழ்வினுள்ளிருந்தே நிகழ்ச்சியை நோக்குவதால், கோரிக்கை அதிற் காரணமாகவே நிற்கின்றது. குருதிப்புனலின் செறிவு இதற்கில்லை எனினும், கேள்வியின் பொருளை இது கைவிடவில்லை.

குற்றஞ்சாட்டப்பெற்ற நிலக்கிழார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். நீதிமன்றத்தில் முடிந்த வழக்கை மக்கள் மனத்தில் முடியாமற் காப்பது இலக்கியத்தின் கடனாயிற்று. ஆதலின் போராட்ட நாவலை மதிப்பிடுவோர், கேட்கப்பட்டது யாது, எவ்வளவு என்பதனைக் கற்போர் நெஞ்சில் அந்நாவல் நிறுத்துகின்றதா என முதற்கண் வினவுதல் வேண்டும் என்பது எம் துணிபு.