மங்கிய முத்திரைகள்

லாஸ் ஏஞ்சல்ஸில் 1973 முதல் 1991 வரை இயங்கிய ‘பெண்கள் மாளிகை’யின் கலைப்பணியை அதன் கண்காட்சிக் கூடங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அங்குப் பயிற்றுவித்த சூசன் லேசி, 1977 மே மாதம் மூன்று வாரங்கள் நகர மன்றத்தை அடுத்த வணிக வளாகத்தில் ஒரு பெரும் நகர வரைபடத்தை வைத்தார். காவல்துறையில் அன்றாடம் பதிவான வன்புணர்ச்சிகள் அதில் சிவப்பு முத்திரைகளாயின. ஒவ்வொன்றையும் சுற்றி ஒன்பது மங்கிய முத்திரைகள், அவை புகாராகாதவை. ஒன்பது என்பது மதிப்பீடுதான். எனினும் படைப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவள் இங்கு வெறும் இடக்குறியாகிவிடுகிறாள் என்ற குறை உண்மையே. அருகிலிருந்த இரண்டாம் வரைபடம் மருத்துவமனைகளையும் உதவி மையங்களையும் காட்டியது. அதனை அறிவிப்புப் பலகையென ஒதுக்க இயலாது: முதல் வரைபடத்தின் முன் திகைத்து நின்றவளுக்கு, அடுத்து எங்கே செல்வதென்று சொன்னது அதுவே.