சீரங்கத்து மதில் யாரைக் கூப்பிட்டது?

ஜேம்ஸ் வெல்ஷ் கும்பினிப் படை அதிகாரி. 1801இல் மருது சகோதரர்களை எதிர்த்துச் சண்டை போட்டவன். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினான். சங்கிலியில் தொங்கவிடப்பட்ட அவரைப் பார்த்து வருந்தவும் செய்தான். வெள்ளைக்காரனே மெச்சிட்டானே என்று நம்ம வரலாற்றாசிரியர்களுக்கு ஒரே பூரிப்பு. ஆயுதம் பிடித்தவன் இன்னொரு ஆயுதக்காரனைத்தான் பார்ப்பான். அந்தக் கண்ணையே நாமும் ஏன் கடன் வாங்கணும்?

அதே 1801 ஜூன் 16இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் சீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. வெள்ளையனை விரட்டக் கூப்பிட்ட துணிச்சலான எழுத்து, மறுக்கவில்லை. கூப்பிட்டது யாரை? பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான். அதோடு சரி. அறிக்கையைக் கிழித்தால் பஞ்சமாபாதகம் செய்த பாவம் என்று சாபம் வேறு. செத்த மாட்டைச் சுமந்த எங்க பூட்டன் அந்த மதில்கிட்டப் போயிருந்தால்தானே கிழிக்க! எங்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிடும் சட்டம் சென்னை மாகாணம் முழுமைக்கும் 1947இல்தான் வந்தது.

பாடநூலில் இந்தப் பிரகடனத்தைப் படிக்கும் தோழர்களே, அந்த முதல் விளிப்பை வகுப்பில் உரக்க வாசியுங்கள். சேரிப் பிள்ளை யாராவது 'நாங்க எங்கே?' என்று கேட்கட்டும்.