முதிர்வயது மிஷனெரியின் அன்றாட வாழ்வு: சரித்திர நூல்களைக் குறித்து ஒரு திறனாய்வு

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் இறுதி அதிகாரத்தில், நல்ல போராட்டத்தைப் பற்றிய வசனத்தை அறியாத போதகர் நம்மில் இல்லை. அடக்க ஆராதனைகளில் அதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அதற்கு ஆறு வசனங்களுக்குப் பின், துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் வைத்துவந்த மேலங்கியையும், புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி அப்போஸ்தலர் கேட்கிறார். மாரிகாலத்துக்கு முன் வந்துசேரும்படியும் வேண்டுகிறார். இப்பகுதியைப் பொருளாகக் கொண்டு பிரசங்கித்தவர் நம்மில் எத்தனை பேர்? நிருபத்தின் ஆசிரியர் யார் என்னும் விவாதத்தை இங்கே எடுக்க வேண்டியதில்லை. அந்நிய நகரில் குளிருக்கு அஞ்சும் ஒரு முதியவரின் அன்றாடத் தேவை திருமறையிலேயே இடம்பெற்றிருக்கிறது என்பதே நமக்கு வேண்டியது.

நம் நூலகங்களில் அடுக்கப்பட்டிருக்கும் மிஷனெரி சரித்திரங்களில் அந்த மேலங்கிக்கு இடமில்லை. அழைப்பு, கடற்பயணம், மொழிப்பயிற்சி, கொள்ளைநோய், ஆலயப் பிரதிஷ்டை என்று விரிந்து செல்லும் ஏடுகள், நாயகருக்கு அறுபது வயதானவுடன் நடையைத் துரிதப்படுத்திக் கொள்கின்றன. பிறகு மரணப்படுக்கையில்தான் அவரை மீண்டும் சந்திக்கிறோம். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எப்படி எழுந்தார், யார் கைபிடித்து நடந்தார், கண் மங்கியபின் அவருக்கு வேதம் வாசித்தவர் யார் என்பவை எழுதத் தகாத அற்பங்களாக விடப்படுகின்றன. அவை அற்பங்கள் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தஞ்சையில் சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஐயர் ஆலயத்தில், ஃப்ளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலேயச் சிற்பி செதுக்கிய சலவைக்கல் சிற்பம் ஒன்றுண்டு. சரபோஜி மன்னர் செய்வித்தது. ஐயர் கட்டிலில் கிடக்கிறார். மன்னர் அவர் கரத்தைப் பற்றியிருக்கிறார். கெரிக்கே ஐயர் நிற்கிறார். பாடசாலைச் சிறுவரும் அருகே உள்ளனர். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தாய்நாட்டை மீண்டும் காணாமல், 1798 பிப்ரவரியில் கண்மூடியவரின் முதுமையை இவ்வளவு அன்போடு காட்டிய கலைப்படைப்பு அரிது. ஆயினும் சிற்பி காட்டுவது ஒரு சந்திப்பை. அதுவும் அரசர் வந்த சந்திப்பை. கஞ்சி கொண்டுவந்தவரும் புண்பட்ட காலைக் கழுவியவரும் அதில் இல்லை. சிற்பிக்கு ஒரு கணமே கிடைக்கும் என்று அவரை மன்னிக்கலாம். நானூறு பக்கம் கிடைத்த சரித்திர ஆசிரியருக்கு அந்தச் சலுகை இல்லை.

இதற்கு விலக்காக அமையக்கூடியது டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வரலாறு. 1895இல் இந்தியா வந்த அவர் ஒருமுறையேனும் விடுமுறைக்குத் தாயகம் திரும்பவில்லை. 1931 அக்டோபர் 24ஆம் நாள் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது, அங்கே வெட்டப்பட்டிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தார். அப்போது வயது 63. அதன்பின் 1951 ஜனவரி 18 வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் ஓர் அறையே அவருக்கு உலகம்.

இவ்வாண்டுகளைக் குறித்து எழுதுவோர் அனைவரும் ஒரு வாக்கியத்தைத் தவறாது எழுதுகின்றனர்: படுக்கையில் இருந்தபடியே அவர் பதின்மூன்று நூல்கள் இயற்றினார் என்பது அது. அதில் பிழையில்லை. ஆனால் அது எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படுக்கைக்கு ஒரு நியாயம் தேவைப்படுவதுபோலவும், நூற்கணக்கைக் காட்டி அந்த இருபது ஆண்டுகளை மீட்டுவிட வேண்டும் என்பதுபோலவும் அது சொல்லப்படுகிறது. ஒரு நூல்கூட எழுதாமல் அவர் கிடந்திருந்தால் அவ்வாண்டுகள் ஊழியமாக எண்ணப்பட்டிருக்குமா? கிரியையினால் அல்ல, கிருபையினால் என்று உபதேசிக்கும் நாம், சரித்திரம் எழுதும்போது மாத்திரம் கிரியைகளை எண்ணுகிறோம்.

அம்மையார் தாமே இதில் தம் சரித்திர ஆசிரியர்களைவிடத் தெளிவாக இருந்தார். 1933இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்னும் நூல், நோயுற்றோருக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நோயாளிகளுக்கென எழுதப்பட்ட ஆறுதல் நூல்கள் சுகமுள்ளவர்களால் எழுதப்பட்டவை, ஆகையால் அவை தமக்கு உதவவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். வியாதிப்படுக்கையருகே நின்று நாம் எளிதாக உச்சரிக்கும் வசனங்களை எண்ணி வெட்கப்பட வைக்கும் நூல் அது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நோயாளிக்கும் ஆண்டவருக்கும் இடையே நிகழும் உரையாடலே அதன் மையம். தம்மைப் பராமரித்தோரின் கதையைச் சொல்வது அவர் நோக்கமன்று. தூரதேசத்து வாசகருக்கு ஆங்கிலத்தில் எழுதுகையில் அது இயல்பே. பின்வந்தோர் அக்குறையை நிறைத்திருக்கலாம். 1953இல் ஹௌட்டன் அத்தியட்சரும் 1987இல் எலிசபெத் எலியட் அம்மையாரும் எழுதிய சரித்திரங்கள் பயனுள்ளவை. ஆனாலும் அவற்றில் நாம் அறையின் உள்ளிருந்தே பார்க்கிறோம். உணவுத்தட்டுடன் வாசலில் நிற்பவளின் கண்களால் அந்த அறையைக் காண்பதில்லை.

அந்த வாசலில் நின்றவர்கள் யார்? டோனாவூரில் உறவுப்பெயர்கள் வெறும் மரியாதைச் சொற்களாக இருக்கவில்லை. மூத்த தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’, வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் ‘சித்தி’, ஆடவர் ‘அண்ணாச்சி’. ஏமி அம்மையார் எல்லாருக்கும் தாய். தமிழ்க் குடும்பத்தில் தாய் முதிர்ந்து படுத்தால் மகள் பார்ப்பாள். அதற்கு யாரும் ஓய்வூதியச் சட்டம் எழுதுவதில்லை. அந்நிய தேசத்தாள் ஒருத்தி தான் எடுத்து வளர்த்த பிள்ளைகளின் கையால் ஊட்டப்பட்டு வாழ்ந்தாள் என்றால், கொடுப்பவரும் பெறுபவரும் அங்கே இடம் மாறினர். முதிர்வயதில் பேதுருவுக்கு வேறொருவன் அரைக்கச்சை கட்டுவான் என்று ஆண்டவர் முன்னறிவித்த பகுதி (யோவான் 21) இரத்தசாட்சி மரணத்துக்கு மாத்திரம் உரியதன்று. அவர் கல்லறைமேல் கல் வேண்டாம் என்றிருந்ததால், பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை வைத்துத் தாயைக் குறிக்கும் ஒரே சொல்லைப் பொறித்தனர். பட்டங்களும் ஆண்டுக்கணக்கும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்; அது நியாயமானதே. முதிர்ந்த மிஷனெரி தங்கிவிடுவது எப்போதும் நற்பண்பு அல்ல. பங்களாவின் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் விடாமல், அடுத்து வரும் சுதேச ஊழியரின் கைகளைக் கட்டிப்போட்ட முதுமையும் உண்டு. 1974இல் சென்னைப் பேராயர் பொறுப்பை விட்ட நியூபிகின் ஐயர், தம் மனைவியாருடன் பேருந்துகளில் தரைவழியே இங்கிலாந்து திரும்பி, பின்னர் பர்மிங்காம் நகரின் ஏழைப் பகுதியொன்றில் சிறு சபையை மேய்த்தார். 1985இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றின் பெயரே வேலை முடியவில்லை என்று சொல்கிறது. திரும்பிச் செல்வதும் ஊழியமாகலாம். ஆனால் அவரையும் நாம் போற்றுவது முதுமையிலும் உழைத்தார் என்பதற்காகவே. உழைக்க இயலாதவரைக் குறித்த நம் மௌனம் அப்படியே நிற்கிறது.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. 1903இல் திருநெல்வேலித் திருச்சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பிய நாள்முதல், நாமும் அனுப்பும் சபையாகவே இருந்து வருகிறோம். அனுப்பப்பட்டவரின் ஞானஸ்நானக் கணக்குகளை நம் பத்திரிகைகள் அச்சிடுகின்றன. முழங்கால் தேய்ந்து, தமிழும் பாதி மறந்து, பிள்ளைகள் வேற்றுமொழியில் பேச, எந்த ஊருக்குத் திரும்புவது என்று அறியாது நிற்கும் ஊழியரைப் பற்றி அவற்றில் நான் வாசித்ததில்லை. சந்தா எழுதுகிற விசுவாசி அவரை அறியாததற்குக் காரணம் கல்நெஞ்சமன்று. நாம் அவருக்குக் கொடுத்த சரித்திரங்களில் அத்தகைய ஒருவர் வருவதேயில்லை.

மாணவர் சிலர் ஆண்டுதோறும் தம் சேகரத்தில் பணியாற்றிய மிஷனெரிமாரைக் குறித்து ஆய்வேடு எழுதுகின்றனர். சங்க அறிக்கைகளையும் கல்வெட்டுகளையும் அவர்கள் நன்றாகவே பார்க்கிறார்கள். அத்துடன் அந்த மிஷனெரி வீட்டில் சமைத்தவரின் பேரப்பிள்ளைகள் அவ்வூரில் இருப்பின், அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு பிற்பகல் உட்கார்ந்துவிட்டு எழுதத் தொடங்கட்டும்.