விளையாடுகிறவர் யார்?

வீடியோ விளையாட்டு என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் ஓர் இளைஞனின் உருவமே தோன்றுகின்றது. இருண்ட அறை, ஒளிரும் திரை, துப்பாக்கிச் சத்தம், படிப்பையும் உறக்கத்தையும் மறந்து அதன்முன் குந்தியிருக்கும் பதினாறு வயதுப் பையன். இவ்வுருவம் தானாகத் தோன்றியதன்று, ஆக்கப்பட்டது. ஆக்கியவர் யார், எந்த நலனுக்காக ஆக்கினர் என்ற வினாக்களை எழுப்பாமல், இவ்விளையாட்டுக்களை ஆடுவோரிடையே ஏற்பட்டுள்ள மாற்றத்தை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

முதலில் மாற்றத்தின் அளவை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் ப்யூ ஆய்வு நிலையம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, அந்நாட்டு வயதுவந்தோரில் 49 சதவீதத்தினர் வீடியோ விளையாட்டு ஆடினர். ஆண்களில் 50 சதவீதம். பெண்களில் 48 சதவீதம். வேறுபாடு இல்லையென்றே கூறலாம். ஆனால் தம்மைக் ‘கேமர்’ என்று அழைத்துக்கொண்டோர் ஆண்களில் 15 சதவீதத்தினர். பெண்களில் 6 சதவீதத்தினர் மட்டுமே. ஆடுவோரிற் பெரும்பாலோர் ஆண்களே என்று 60 சதவீதத்தினர் நம்பினர். தாமே ஆடும் பெண்களிற்கூடப் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறே நம்பினர்! தன் கையிலே விளையாட்டை வைத்துக்கொண்டு, ‘இது என்னுடையதன்று’ என ஒருத்தி எண்ணுகிறாள். விமர்சனத்துக்குரிய பொருள் இந்த முரண்பாடேயாகும்.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1972இல் அற்றாரி கொம்பனியின் ‘பொங்’ முதன்முதலில் வைக்கப்பட்டது சிறுவர் கூடத்திலன்று. கலிபோர்னியாவின் மதுச்சாலை ஒன்றிலே. 1980இல் யப்பானியரான தோறு இவத்தானி ‘பக்-மன்’ விளையாட்டை உருவாக்கியபோது, ஆடவரின் கோட்டையாக இருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்டார். சுடுதலை விடுத்து உண்ணுதலை அவர் பொருளாக்கியது அதனாலேதான். அதே ஆண்டில் றொபேட்டா வில்லியம்ஸ் என்ற பெண்மணி, கணினியில் ஆடும் துப்பறியும் கதையொன்றை அமைத்து வெளியிட்டார். அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘சென்ரிபீட்’ விளையாட்டின் ஆக்கத்திலே டொனா பெயிலி என்ற பெண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு. எனவே பெண்கள் இத்துறைக்குப் பிந்தி வந்த விருந்தாளிகள் அல்லர். பிறந்த வீட்டிலேயே இருந்தவர்கள்.

அவர்கள் வெளியே நிறுத்தப்பட்டது எப்படி? 1983இல் வட அமெரிக்காவின் வீடியோ விளையாட்டுச் சந்தை சரிந்தது. ஏறத்தாழ 300 கோடி டொலராக இருந்த வீட்டு விளையாட்டு வியாபாரம் 1985இல் ஏறக்குறைய 10 கோடி டொலராகச் சுருங்கிற்று. அச்சமுற்றிருந்த கடைக்காரரிடம் அதே ஆண்டில் நின்ரெண்டோ கொம்பனி தன் கருவியை விளையாட்டுப் பொருளாகக் கொண்டுசென்றது. விளையாட்டுப் பொருட்கடையிலோ பையனுக்கு ஒரு தட்டு, பெண்பிள்ளைக்கு ஒரு தட்டு. பண்டம் பையனின் தட்டில் ஏறியது. விளம்பரங்களும் அவனையே நோக்கிப் பேசின. 1989இல் வந்த சிறு கருவியின் பெயரே ‘கேம் போய்’. இதுவே முழுக் காரணமென்று கூறிவிட முடியாது. வீட்டுவேலைக்கு அழைக்கப்படாமல் மாலை முழுவதும் திரைமுன் இருக்கும் சுதந்திரம் எந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஓய்வும் ஒரு சொத்து. ஏனைய சொத்துக்களைப் போல அதுவும் சமமாகப் பங்கிடப்படவில்லை.

பையன்களின் சந்தை நிரம்பியபின் வியாபாரத்துக்குப் புதிய வாடிக்கையாளர் தேவைப்பட்டனர். 2000ஆம் ஆண்டில் ‘சிம்ஸ்’ வந்தது. 2006இல் வந்த நின்ரெண்டோவின் ‘வீ’ கருவி 10 கோடிக்கு மேல் விற்பனையாகி, முதியோர் இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. 2008இன் பின்னர் கைத்தொலைபேசியே விளையாட்டுக் கருவியாயிற்று. தனிக் கருவியும் வேண்டாம். தனி அறையும் வேண்டாம். நீண்ட மாலைப்பொழுதும் வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், குழந்தை உறங்குகையில், இரு வேலைகளுக்கு இடையே ஆடலாம். 2014இல் அமெரிக்க விளையாட்டு வியாபாரிகளின் சங்கம் வெளியிட்ட கணக்கில், ஆடுவோரில் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 36 சதவீதமாகவும், அவ்வயதுக்குட்பட்ட பையன்கள் 17 சதவீதமாகவும் காணப்பட்டனர். பழைய உருவம் உடைந்துவிட்டது.

உடைந்ததைக் கண்டு இரு சாரார் இருவிதமாகக் குரலெழுப்பினர். இருசாராரும் நம் ஆராய்ச்சிக்கு உரியவர்களே.

முதலாவது சாரார், ‘இவர்கள் உண்மையான விளையாட்டாளர் அல்லர்’ என்றனர். 2014இல் ‘கேமர்கேற்’ என்ற பெயரில் எழுந்த இயக்கத்தின்போது, இத்துறையிற் பணியாற்றிய பெண்களும் விமர்சகர்களும் மிரட்டலுக்கு ஆளாயினர். விளையாட்டுக்களிற் பெண் சித்திரிக்கப்படும் முறையை விமர்சித்துவந்த அனிற்றா சார்க்கீசியன், அவ்வாண்டு ஒக்ரோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆற்றவிருந்த உரையை, படுகொலை மிரட்டல் காரணமாகக் கைவிட நேர்ந்தது. இக்குரல் நமக்குப் புதியதன்று. 1960களில் ஈழத்திலே, ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வாழ்வைத் தம் மொழியில் எழுதப் புகுந்தபோது ‘இழிசனர் இலக்கியம்’ என்ற கூச்சல் எழுந்ததை நாம் மறந்துவிடவில்லை. தாம் மட்டும் குடியிருந்த வீட்டுக்குள் பிறர் நுழையுங்கால், வீட்டின் தூய்மை பற்றிய கவலை சிலருக்கு ஏற்பட்டு விடுகின்றது.

‘கைத்தொலைபேசி விளையாட்டு பணம் பறிக்கும் பொறி, அது கலையன்று’ என்பது இவர்களின் வாதங்களுள் ஒன்று. இதில் ஓரளவு உண்மை உண்டு. 2012இல் வந்த ‘கான்டி கிறஷ்’ ஆடுபவருக்கு ஐந்து உயிர்களைத் தருகிறது. அவை தீர்ந்தால் ஓருயிர் மீள அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும்; அல்லது நண்பரிடம் இரக்க வேண்டும்; அல்லது காசு கொடுக்க வேண்டும். உருவத்தை இங்கே நிர்ணயிப்பது கலைஞனின் நோக்கமன்று, வருவாயின் தேவையே. ஆனால், பழைய கூடங்களில் மூன்று உயிருக்கு ஒரு நாணயம் விழுங்கிய இயந்திரங்களின் உருவத்தை நிர்ணயித்தது எது? இன்று ஆடவர் விரும்பும் உதைபந்தாட்ட விளையாட்டுக்களில், உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே விலை கொடுத்து வாங்கும் பொதிகள் எதற்காக உள்ளன? இத்தகைய பொதிகளைச் சூதாட்டமென 2018இல் பெல்ஜியம் தீர்மானித்தது. பெண்ணின் விளையாட்டை மட்டும் பொறியென்று சொல்பவர் தம் காலிலுள்ள பொறியைக் காணவில்லை.

இரண்டாவது சாரார் வியாபாரிகள். ‘எல்லாரும் ஆடுகிறார்கள், விளையாட்டுலகம் சனநாயகமாகிவிட்டது’ என்பது அவர்களின் முழக்கம். அவர்களது சங்கம் தோன்றியது 1994இல். விளையாட்டுக்களிலுள்ள வன்செயல் பற்றி 1993இல் அமெரிக்க செனற் சபையில் விசாரணை நடந்ததன் பின்னர். ‘நம் வாடிக்கையாளர் எல்லோரும் சிறுவரல்லர்’ என்று காட்டுவதில் அதற்குள்ள நலன் வெள்ளிடைமலை. எண்கள் பொய்யென்று நான் கூறவில்லை. வாடிக்கையாளரின் தொகையைச் சனநாயகத்தின் அளவுகோலாகக் கொள்வதையே மறுக்கிறேன். சந்தைக்கு வருவோர் யாவரும் சந்தையின் சொந்தக்காரராகி விடுவதில்லை.

ஆக்குவோரை நோக்கினால் இது தெளிவாகும். சர்வதேச விளையாட்டு ஆக்குநர் சங்கம் 2014இல் நடத்திய கணிப்பில் பெண்கள் 22 சதவீதத்தினரே. ஆடுவோரிற் பாதி, ஆக்குவோரில் ஐந்திலொன்று. 2021இல் அக்ரிவிஷன் பிளிஸாட் கொம்பனி மீது, பெண் ஊழியருக்கு அநீதி இழைக்கப்படுவதாகக் கலிபோர்னியா மாநிலம் வழக்குத் தொடுத்தது. ஊழியர் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தனர். அக்கொம்பனியை 2023இல் மைக்ரோசொப்ட் ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு வாங்கிற்று. பெண்களின் ‘கான்டி கிறஷ்’, இளைஞரின் ‘கோல் ஒஃப் டியூட்டி’ ஆகிய இரண்டின் வருவாயும் இன்று ஒரே கணக்கேட்டில் ஏறுகின்றது. ‘உண்மை விளையாட்டாளர் யார்’ என்று ஆடுவோர் தம்முட் சண்டையிட, கணக்கேடு சண்டையிடவில்லை.

‘சிம்ஸ்’ விளையாட்டை இங்கு மீண்டும் நினைவுகூரலாம். 1991இல் ஓக்லண்ட் தீயில் வீடிழந்த வில் றைற், மீண்டும் ஒரு வாழ்க்கையை அமைக்கும் அனுபவத்திலிருந்து அதனைக் கண்டார். பெண்கள் பெருந்தொகையாக அதை ஆடினர். அதிலே சமையல் உண்டு, சலிப்பு உண்டு, காதலும் தனிமையும் உண்டு. புதிய தளபாடம் வாங்கினால் மகிழ்ச்சி கூடும் என்ற நுகர்வுச் சமுதாயத்தின் நியதியும் உண்டு. அந்நியதியைக் கேலிசெய்து கொண்டே அது அதனைப் பழக்குகிறது. இம்முரண்பாடே அதனை ஆராயத்தக்க படைப்பாக்குகின்றது. அன்றாட வாழ்வு விளையாட்டின் பொருளாகலாம் என்று அது நிறுவியது. அப்பொருளைப் பெண்கள் தமதாகக் கண்டனர்.

எனவே, எத்தனை பெண்கள், எத்தனை முதியோர் என்ற எண்ணிக்கையுடன் நாம் நின்றுவிடலாகாது. அவர்களுக்குக் கிடைப்பது யாருடைய கதை? அதை ஆக்கும் தொழிலாளிக்கு எத்தகைய நிலைமை? அதன் விதிகளை வகுப்பவர் யார்? 2023இன் தொடக்கத்தில் மைக்ரோசொப்டின் ஸெனிமக்ஸ் பிரிவிலே விளையாட்டுக்களைப் பரிசோதிக்கும் ஊழியர் ஏறத்தாழ 300 பேர் தொழிற்சங்கம் அமைத்தனர். அச்சிறு செய்தி, ஆடுவோர் பற்றிய புள்ளிவிபரங்கள் பலவற்றைவிட எனக்கு நம்பிக்கை தருகின்றது. தான் விளையாடுவதைத் தன்னுடையதென்று சொல்ல அஞ்சும் அந்தப் பெண்ணும் அவர்களும் ஒருவரையொருவர் இன்னும் அறியார். அவ்வறிமுகத்துக்கு உதவுவது விமர்சகனின் வேலை.